தருவைநேரி கொடுத்த உயரம்

தேரி மணலுக்கும் கடலுக்கும் நடுவே, உப்பளங்கள் கண்ணாடிப் பாளங்களாக விரிந்து கிடக்கிற தருவைநேரியில், மேற்கே போனால் கால் புதையும், கிழக்கே போனால் கால் வழுக்கும், எறிந்த பந்து எறிந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். பந்து துள்ளுவதற்கென்று அந்த ஊரில் இருந்த ஒரே இடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரைதான். அதனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருமே கூடைப்பந்து ஆடினார்கள். வேறு ஆட்டம் அவர்களுக்குத் தெரியவில்லை. அப்படி ஆடிய பிள்ளைகளில் ஒருத்திதான் சுயம்புக்கனி. மூட்டை தூக்குகிற சித்திரைவேலுக்கும் உப்பு வாருகிற தங்கபுஷ்பத்துக்கும் ஒரே மகள்.

எட்டாம் வகுப்பில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் கரும்பலகை தெரியாது, அவ்வளவு குள்ளம். ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. தரைக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவிலேயே பந்தைத் தட்டிக்கொண்டு, பெரிய பிள்ளைகளின் கைகளுக்குக் கீழேயும் கால்களுக்கு இடையேயும் ஓடை மீன்போல நுழைந்து வெளியே வருவாள். வருகிறபோது சிரிப்பாள். எதிர் அணிப் பிள்ளைகளும் பந்தைப் பறிகொடுத்த எரிச்சலை மறந்து அவளோடு சேர்ந்து சிரிப்பார்கள்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவர்களும் சிரித்தார்கள், பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பி.டி. சார் ஞானமுத்து அதைச் சொல்ல வீட்டுக்கே வந்தார். அவரும் ஒரு காலத்தில் ஆடியவர், உயரம் போதாமல் கல்லூரியோடு நின்றுபோனவர்.

"கை இருக்கு, கண்ணு இருக்கு, ஓட்டம் இருக்கு. உயரம் மட்டும் இல்லங்காங்கம்மா. இன்னும் ஒரு சாண் இருந்தா இவ எங்கயோ போயிருவா."

தங்கபுஷ்பம் ஊரிலேயே நெடிய பெண். வீட்டு நிலைப்படியில் தினமும் நெற்றி இடித்துக்கொள்கிறவள். உப்புப் பூத்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"உயரந்தான சார் வேணும்? எங்கிட்டக் கெடக்குல்லா. குனிஞ்சு உப்பு வாரதுக்கு எதுக்கு இம்புட்டு உயரம்? எடுத்துக்கிடட்டும்."

மறுநாள் விடிந்தபோது அவள் சேலை தரையில் புரண்டது. நிலைப்படியில் நெற்றி இடிக்கவில்லை. சுயம்புக்கனியின் பாவாடை முழங்காலுக்கு ஏறியிருந்தது. எழுந்து நின்ற மகள், அம்மாவின் உச்சி வகிட்டை முதல் தடவையாக மேலிருந்து பார்த்தாள். கெண்டைக்கால் எலும்புக்குள் உப்புத் தண்ணீர் புகுந்ததுபோல எரிந்தது. அம்மா சந்தோஷமாக இருந்ததால் அதை அவள் சொல்லவில்லை.

இதைப் பார்த்து ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. குழாயடியில் பெண்கள், பிள்ளை பெற்றால் பல் போகும், முடி போகும், இடுப்பு போகும், உயரம் போவதற்கு என்ன என்று பேசிக்கொண்டார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா இருவரையும் பால் குடிக்கச் சொன்னாள். டெய்லர் அய்யாப்பழம் தங்கபுஷ்பத்தின் ஜாக்கெட்டுகளைப் பிரித்துச் சின்னதாக்கி, மிஞ்சிய துணியைச் சுயம்புக்கனியின் சட்டையில் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார், சரியாக இருந்தது. சித்திரைவேல் மட்டும் மனைவியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேலைக்குப் போய், மூட்டை அடித்துவிட்டுத் திரும்பி வந்து, சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் சொன்னார்:

"போதும் புஷ்பம். இதோட நிப்பாட்டிக்கிடு."

அவள் நிப்பாட்டவில்லை. சுயம்புக்கனி மாவட்ட அணியில் ஆடினாள், கோப்பை வந்தது. மாநில அணிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது, தங்கபுஷ்பம் இன்னும் கொஞ்சம் கொடுத்தாள். மகள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அவள் பால்வாடிப் பிள்ளையின் அளவுக்கு வந்துவிட்டாள். உப்பு வாரும் பலகை அவளைவிட நீளமாகிவிட்டதால் கங்காணி அவளைப் பாக்கெட் போடுகிற கொட்டகைக்கு மாற்றினான். அங்கே பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மகளைப் பற்றிச் சொன்னாள். முகமும் குரலும் பெரிய மனுஷியுடையதாகவே இருந்தன. ஆனால் பஸ்ஸில் யாராவது ஒரு கிழவர், "பாப்பா, மடியில உக்காந்துக்கிடுதியா?" என்று கேட்டுவிட்டால் அன்று முழுவதும் பேசாமல் இருப்பாள்.

சுயம்புக்கனிக்கு வேறொன்று நடந்திருந்தது. தரையில் தட்டிய பந்து அவள் கைக்குத் திரும்பி வர முன்பைவிட நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் யாராவது கையை விட்டுப் பறித்துக்கொண்டார்கள். ஞானமுத்து சார் அவளைப் பந்து தட்ட வேண்டாம் என்றார்.

"நீ ரிங்குக்குக் கீழ நில்லு. கையத் தூக்கு. பந்து உன்னத் தேடி வரும். வந்தா உள்ள போடு. அம்புட்டுத்தான்."

"ஓட வேண்டாமா சார்?"

"குட்டையானவங்க ஓடுவாங்க. நீ நில்லு."

அவள் நின்றாள். பந்து வந்தது, உள்ளே போட்டாள். கூட்டம் கத்தியது. சிரிப்பு மட்டும் வரவில்லை. பெரிய ஆட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்திய ஜூனியர் முகாமுக்கு அவள் பெயர் அடிபட்டபோது, அங்கே வடக்கிலிருந்து வருகிற பிள்ளைகள் பனைமரம்போல இருப்பார்கள் என்று சேதி வந்தது. தங்கபுஷ்பத்திடம் கொடுக்க இனி ஒன்றும் இல்லை. அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. சார் பேசினார், கோயில் தர்மகர்த்தா பேசினார், உப்புத் தவிர எதற்கும் பெயர் வாங்காத ஊருக்கு ஒரு பெயர் வரப்போகிறது என்று எல்லோரும் பேசினார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் கொடுத்தால் போதுமா, தலைக்கு ஒரு விரற்கடை என்று கொடுப்பதா என்று கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளை விட்டுவிடலாம் என்று முடிவானது. அய்யாப்பழம் எழுந்து, "ஒரு விரற்கடை போனா யாருக்குத் தெரியப் போகுது? நான் ரெண்டாக் குடுக்கேன்" என்றபோது கூட்டம் கைதட்டியது. ஞானமுத்து சாரும் தன் பங்கைக் கொடுக்க வாய்விட்டுச் சம்மதித்தார்.

சித்திரைவேல் மட்டும் கோயில் மதிலோரம் நின்றபடியே சொன்னார்: "நான் குடுக்க மாட்டேன்."

"பெத்த தகப்பன் நீரே இப்பிடிச் சொன்னா எப்பிடிவே?"

"பிள்ளைக்கு நல்லா வெளையாடத் தெரியும். அவளக் கூட்டிட்டுப் போறவன் அப்பிடியே கூட்டிட்டுப் போகட்டும், இல்ல விட்டுட்டுப் போகட்டும். நீங்களும் குடுக்காதீய. நம்ம ஊரு பள்ளத்துல கெடக்கு."

பள்ளத்துக்கும் பாஸ்கெட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியவில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷன் என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். அதற்குப் பிறகு டீக்கடையில் அவருக்குக் கண்ணாடி டம்ளரைத் தள்ளி வைத்தார்கள், அம்மன் கோயில் கொடை விழாவில் அவரிடம் வரி வாங்கவில்லை. அவர் தன் முழு உயரத்தோடு தெருவில் நடக்கும்போது, ஊரே தன்னிடமிருந்து எதையோ திருடிக்கொண்டு போகிறவனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது.

ஒரு விரற்கடையோடு அது நிற்கவில்லை, இது மாதிரி விஷயங்கள் எப்போது நின்றிருக்கின்றன? முகாமுக்கு ஒரு விரற்கடை, ஆசியப் போட்டிக்கு இன்னும் கொஞ்சம், அங்கே சீனத்துப் பிள்ளைகளைப் பார்த்து வந்த பிறகு இன்னும் நிறைய என்று தருவைநேரி கொடுத்துக்கொண்டே இருந்தது. கொடுக்கக் கொடுக்க ஊர் தன்னைத் திருத்திக்கொண்டது. கிணற்றுச் சுவர்களை இடித்துத் தாழ்த்தினார்கள். கோயில் மணிக்கயிற்றை இரண்டு முறை நீளமாக்கினார்கள். சைக்கிள் சீட்டுகளை இறக்கி இறக்கி, கடைசியில் பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிளையே பெரியவர்களும் வாங்கினார்கள். பஸ் நின்றதும் கண்டக்டர் ஒரு மரப்படியை எடுத்துப் போட்டார். அய்யாப்பழத்துக்கு வேலை ஓயவில்லை. பெஞ்சின்மேல் நின்றுகொண்டு வெட்டினார், மிஷின் பெடல் கால்களுக்கு எட்டாததால் அதற்குக் கட்டை அடித்துக்கொண்டார். வெளியூர் மாப்பிள்ளைகள் பெண் பார்க்க வருவது நின்றுபோனது, உள்ளூருக்குள்ளேயே கல்யாணங்கள் நடந்தன. யாரும் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஊர் முகப்பில், எல்லாக் கூரைகளையும் தாண்டி, கையில் பந்தோடு சுயம்புக்கனி நிற்கிற ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அந்த இடுப்பில் இருப்பது என்னுடையது, அந்தத் தோளில் இருப்பது உன்னுடையது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

பத்தொன்பது வயதில் அவளை ஒரு தொழில்முறை அணி எடுத்தது. மராட்டியத்தில் ஒரு பெருநகரத்து அணி. கண்ணாடி மண்டபம், மரத்தரை, வெள்ளை வெளிச்சம், ஒவ்வொரு ஆட்டமும் டி.வி.யில் வந்தது. தருவைநேரி கல்யாண மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் பார்த்தது. அவளுக்கென்று தனியாகக் கட்டில் செய்தார்கள், காலணியைத் தனியாக வரவழைத்தார்கள். எதிர் அணிக்காரிகள் அவள் மார்புக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவை குதித்துத் தரையில் இறங்கும்போதும், தனக்குள் யார் யாரோ அதிர்வது அவளுக்குத் தெரிந்தது. கெண்டைக்கால்களில் அம்மா. இடுப்பெலும்பில் அய்யாப்பழம், மழைக்காலமானால் அங்கே அவருடைய இருமல் வந்து குலுக்கும். முழங்காலுக்கு மேலே குழாயடிப் பெண்கள். முதுகுத்தண்டில் ஒரு கணு முழுக்க ஞானமுத்து சார். அவர்கள் கனமாக இருந்தார்கள். ஒரு ஊரையே தூக்கிக்கொண்டு குதித்துவிட்டு, ஓட்டலுக்குத் திரும்பி, ஐஸ்கட்டி நிரப்பிய தொட்டியில் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்திருப்பாள்.

ஒருமுறை பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். மேளம் வைத்து அழைத்தார்கள். பிள்ளைகள் கூட்டம் சூழ்ந்துகொண்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தபோது பலருக்கு மீசை இருந்தது. வீட்டுக்குள் அவளால் நுழைய முடியவில்லை, வாசலில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். அவள் மடிக்குள் ஏறி உட்கார்ந்து தங்கபுஷ்பம் தன் கையால் ஊட்டினாள். எல்லோரும் போன பிறகு சித்திரைவேல் எதிரே வந்து குத்தவைத்தார். ஊரில் இவள் கழுத்து வலிக்காமல் பார்க்க முடிந்த முகம் அவருடையது ஒன்றுதான்.

"மெலிஞ்சிட்டட்டி" என்றார்.

"நீங்க மட்டும் குடுக்கலல்லா" என்றாள் அவள். எத்தனையோ வருஷமாக மனதில் வைத்திருந்தது, நினைக்காமலே வந்துவிட்டது. "ஊரே குடுத்துச்சு. டெய்லர் மாமா குடுத்தாவ. சார் குடுத்தாவ. எங்கப்பா குடுக்கல. நான் ஜெயிச்சது ஒங்களுக்குப் பிடிக்கலையா?"

சித்திரைவேல் பாயின் ஓரத்து மடிப்பை நீவிவிட்டார்.

"நீ தோக்கும்போதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். "தோத்துட்டுச் சிரிப்ப."

அது அவளுக்கு வசைபோலக் கேட்டது. மறுநாளே கிளம்பிவிட்டாள்.

அந்த வருஷம் மார்கழியில், பெய்யக் கூடாத நேரத்தில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. மேற்கே இருந்த பெரிய குளங்கள் ஒன்றை ஒன்று நிரப்பிக்கொண்டு, கரைகளைத் தின்றுகொண்டு, கடலைத் தேடி இறங்கின. இறங்குகிற வழியில் பள்ளத்தில் தருவைநேரி இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. செம்மண் நிறம், சுழிப்பு, மிதந்து வருகிற ஆடுகள். ரேடியோ சொன்னது: கடலோரக் கிராமங்களில் இடுப்பளவு தண்ணீர். அது உண்மைதான். பக்கத்து ஊர்களில் ஆண்கள் பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே மேட்டுக்கு நடந்தார்கள். தருவைநேரியில் அதே தண்ணீர் தலைக்குமேல் ஒரு முழம் நின்றது.

அதே வேளையில், எவ்வளவோ தூரத்தில், கண்ணாடி மண்டபத்தில் அரையிறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் சுயம்புக்கனி குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். பயிற்சியாளர் ஓய்வு கேட்டு அவளை அழைத்தார். அவர் வடக்கத்திக்காரர், கெட்டவர் அல்ல.

"என்ன ஆச்சு?"

"கால் நனையுது."

அவர் மண்டியிட்டுப் பார்த்தார். காலணி உலர்ந்திருந்தது, காலுறை உலர்ந்திருந்தது. "வேர்வையாக இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம்தான். உன்னால் முடியும்."

அவள் திரும்பிப் போய் ரிங்குக்குக் கீழே நின்றாள். கெண்டைக்கால் குளிர்ந்தது. குளிர் முழங்காலைத் தாண்டியது, தொடையைத் தாண்டியது, இடுப்புக்குள் யாரோ இருமி இருமி மூச்சுக்குத் தவித்தார்கள். பந்து வந்தது. உள்ளே போட்டாள். கால்களில் யாரோ உதைத்துக்கொண்டார்கள், பிறகு உதைப்பது மெல்ல ஓய்ந்தது. பந்து வந்தது. உள்ளே போட்டாள். கூட்டம் அவள் பெயரைக் கத்தியது. கல்யாண மண்டபத்துத் திரைக்கு முன்னால் அன்று யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. கடைசி விசில் அடித்ததும் அணிப் பெண்கள் ஓடிவந்து, ஏறக்கூடிய உயரம் வரை அவள்மேல் ஏறி ஆடினார்கள். அவள் அப்படியே நின்றிருந்தாள்.

அன்றிரவே அவள் ஊருக்குக் கிளம்பினாள். ரயில்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன. கிடைத்த லாரியில் ஏறி, லாரியும் நின்ற இடத்திலிருந்து நடந்து, அவள் ஊர் எல்லைக்கு வந்தபோது மழை விட்டிருந்தது, தண்ணீர் வடியவில்லை. மீட்புப் படையினர் இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு பிடித்து நின்றார்கள். அவளுக்கு முழங்கால் வரைதான் வந்தது. கூரைகளின்மேலும் பனைகளிலும் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கியின் தகரக் கூரைமேலும் குட்டி மனிதர்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு இடமாகப் போய் அவர்களைப் பறித்துத் தோளில் ஏற்றிக்கொண்டு, மேட்டில் கொண்டுபோய் இறக்கினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டபடியே அவர்கள் நடந்ததைச் சொன்னார்கள்.

தண்ணீர் தெருவுக்குள் வந்ததும் சித்திரைவேல் இறங்கினாராம். டீக்கடைக்காரனை, தர்மகர்த்தாவை, பெயர் சொல்லி ஏசியவர்களை, ஏசாதவர்களை, உப்பு மூட்டை தூக்குவதுபோல ஒரு தோளுக்கு இரண்டு பேராகத் தூக்கிக் கிட்டங்கித் தகரத்தில் போட்டுக்கொண்டே இருந்தாராம். ஊரில் தரையில் கால் பாவி நின்ற ஒரே ஆள். பாக்கெட் கொட்டகை ஊருக்கு மறுகோடியில் இருந்தது. வழியில் கை நீட்டிய யாரையும் விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூரை இருந்தது, பெட்டி மிதந்தது, தங்கபுஷ்பம் இல்லை.

அவளை உடைமரப் புதருக்குள் சுயம்புக்கனிதான் கண்டெடுத்தாள். முள்ளிலிருந்து சேலையை விடுவித்து, ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். மேட்டில் குழிகள் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். எல்லாக் குழிகளையும் சின்னதாகவே வெட்டியிருந்தார்கள். "இத்தன பிள்ளைங்களா போச்சு!" என்று அதில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். யாரும் அவரைத் திருத்தவில்லை. வந்த அதிகாரி, இடுப்பளவுத் தண்ணீரில் இவ்வளவு பேர் எப்படிச் செத்தார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிழைத்தவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். சுயம்புக்கனி வாசலில் வந்து நின்றதும் உள்ளே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் எதையோ எதிர்பார்த்து நின்றாள். கல்லெடுத்து எறிந்திருந்தால் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பாள். கூட்டத்திலிருந்து ஞானமுத்து சார், இப்போது அவள் முழங்காலுக்கும் எட்டாதவர், தலையைத் தூக்கிக் கேட்டார்:

"ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு சார்."

அவர்கள் கைதட்டினார்கள். சின்னச் சின்னக் கைகள், ஈரம் காயாத கைகள். மழைத்தூறல் மாதிரிச் சத்தம் வந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அய்யாப்பழத்தின் மனைவி வந்தாள். டெய்லர் கடைப் பெஞ்சின்மேல் நின்றபடியே போய்விட்டிருந்தார். "அவுக எங்க இருக்காக உங்கிட்ட?" என்று கேட்டாள். சுயம்புக்கனிக்குப் புரிய சிறிது நேரமானது. பிறகு இடுப்பெலும்பைக் காட்டினாள். கைக்கு எட்டாததால் அந்த அம்மாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் அங்கே கன்னத்தை வைத்து, "ஏங்க" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து பதில் எதுவும் வரவில்லை. ஆனாலும் அழுது முடித்து இறங்கியபோது முகம் தெளிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மகனைப் பறிகொடுத்தவளுக்கு இடது முழங்காலுக்கு மேலே. தம்பியைப் பறிகொடுத்தவனுக்குத் தோள்பட்டையில். புதைத்த மேட்டுக்கு யாரும் போகவில்லை, அவளிடம் வந்தார்கள். பூ வாங்கி வந்து அவள் கால்விரல்களுக்கு நடுவே செருகினார்கள். சூடம் காட்டியவர்களும் உண்டு. அவள் அசையாமல் நின்றாள். நிற்பதற்கு அவளைப் பழக்கியிருந்தார்கள்.

இறுதி ஆட்டத்துக்காக அணியிலிருந்து கார் வந்தது. ஊர் அதற்கு முன்பே கூடிப் பேசி முடித்திருந்தது. தர்மகர்த்தா சொன்னார்:

"நீ போகத்தாம்மா வேணும். இருக்கவுக குடுத்தது மட்டுமில்ல, செத்தவுக குடுத்ததும் உங்கிட்டத்தான் இருக்கு. அவுகளையும் கூட்டிக்கிட்டுப் போ. கப்பு வாங்கிட்டு வா. இல்லன்னா எதுக்குச் செத்தாகன்னு நாங்க எங்கள என்ன சொல்லித் தேத்திக்கிட?"

அவள் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போனாள். அங்கே வேப்பமரத்தடியில் சித்திரைவேல் தனியாக உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேரைக் காப்பாற்றியும் ஊர் அவரோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. அவர் தோளில் ஏறிப் பிழைத்தவர்களுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மூட்டை தூக்கிய தோள்கள் இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன.

"உங்கம்மா எங்கட்டி இருக்கா?" என்றார்.

"கெண்டைக்கால்ல. ரெண்டுலயும்."

அவர் அவள் காலருகே நகர்ந்து வந்து, காய்ந்து ஒட்டியிருந்த சேற்றை நகத்தால் சுரண்டி எடுத்தார். வேட்டி முனையை எச்சில் தொட்டுத் துடைத்தார். ஒரு கால் முடிந்து அடுத்த கால். அழவில்லை.

"ப்பா."

"ம்."

"எனக்குக் கால் நனைஞ்சுது. ஆட்டத்துல. எனக்குத் தெரிஞ்சுது. நான் நிப்பாட்டாம வெளையாடுனேன்."

அவர் கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தார்.

"கார் வந்திருக்கு" என்றாள். "போகணுங்காவ. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க எடத்தத் தொட்டுப் பார்த்துட்டுச் சொல்லுதாவ. அவங்ககிட்ட நான் எதையும் கேக்க முடியாது. எம்மேல ஒண்ணுமே இல்லாத ஆளு நீங்க ஒருத்தருதான். நீங்க சொல்லுங்க. போகவா, வேண்டாமா?"

சித்திரைவேல் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்கு வெளையாட ஆசையா இருக்கா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எங்கெங்கோ தேடினாள். கெண்டைக்காலில் தேடினாள், அம்மா இருந்தாள். இடுப்பில், முதுகில், தோளில், ஒவ்வொரு எலும்பாகத் தேடினாள், ஒவ்வொன்றிலும் யாரோ இருந்தார்கள். அவளைக் காணவில்லை.

"தெரியலப்பா" என்றாள்.

"அப்பம் உக்காரு" என்றார் அவர். "தெரியுற வரைக்கும் உக்காரு."

"அவங்க காத்துக்கிட்டு இருக்காவ."

"இருக்கட்டும்."

அவள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒரு கட்டடத்தை இறக்குவதுபோல மெதுவாகத் தன்னை இறக்கி, ஈரமண்ணில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்வாசலில் மாலையோடு நின்றிருந்த ஊர், கூரைக்குமேல் தெரிந்துகொண்டிருந்த அவள் தலை மறைந்துபோனதைப் பார்த்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் வராததால் மறுபடி அடித்தார்.